முகூர்த்தம் பகலில், ரிசப்ஷன் ராத்திரியில்

கிராமி வார இறுதியில் ஒரு சின்னக் குழு எங்கே நிற்க வேண்டும்?

திங்கட்கிழமை அதிகாலை 2 மணி. சென்னையில் நாளிதழ்களின் கடைசிப் பக்கமும் அச்சுக்குப் போயிருக்கும். செய்தி சேனல்களில் முந்தைய இரவு விவாதம் மறுஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான், லாஸ் ஏஞ்சலீஸில் ஞாயிறு மதியம் 12.30 மணிக்கு, பீகாக் தியேட்டரில் கிராமி விருதுகளைக் கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

நாம் டி.வி.யில் பார்க்கும் கிராமி இது இல்லை. அது மாலை 5 மணிக்கு, நம் கணக்கில் திங்கள் காலை 6.30க்கு, பக்கத்திலேயே இருக்கும் கிரிப்டோ.காம் அரீனாவில் நடப்பது. டெய்லர் ஸ்விஃப்ட், பியான்ஸே, வாணவேடிக்கை, பாட்டு, கண்ணீர் எல்லாம் அங்கேதான். ஆனால் 2024லும் 2025லும் இருந்த 94 பிரிவுகளில் 80க்கும் மேற்பட்டவற்றுக்கு மதியமே விருது கொடுத்து முடித்துவிட்டார்கள். இரவு ஒளிபரப்புக்கு மிஞ்சியது பத்து விருதுக்குள்தான். கல்யாண வீட்டுக் கணக்கில் சொன்னால், தாலி கட்டுவது பகலில். ஆர்க்கெஸ்ட்ராவும் மேடை அலங்காரமும் ராத்திரி ரிசப்ஷனில். ஊர் மொத்தமும் ரிசப்ஷனுக்குத்தான் வருகிறது.

இந்த மதிய நிகழ்ச்சிக்கு 'பிரீமியர் செரிமனி' என்று பெயர். முன்பெல்லாம் 'ஒளிபரப்புக்கு முந்தைய நிகழ்ச்சி' என்றே சொல்லிவந்தார்கள். ஜாஸ், செவ்வியல், நாட்டார் இசை, குழந்தைகள் ஆல்பம், ஒலிப்பதிவுப் பொறியாளர்களுக்கான விருது, ஆல்பம் உறை வடிவமைப்பு, உலக இசை என்று, டி.வி. விளம்பரதாரருக்கு ஆர்வமில்லாத எல்லாமே இங்கே வந்து சேரும். தமிழ் வாசகர்களுக்குச் செய்தியாகும் கிராமியும் இங்கேதான் இருக்கிறது. 2010ல் ஏ.ஆர்.ரஹ்மான் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக இரண்டு கிராமி வாங்கியது இரவு ஒளிபரப்புக்கு முன்பு. 2024ல் 'சக்தி' குழுவோடு சங்கர் மகாதேவனும் செல்வகணேஷும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் மேடையேறியது மதியத்தில். 2025ல் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன் வென்றதும் மதியத்தில்தான்.

அமெரிக்காவில் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் மக்களுக்காக யூடியூப் சேனலோ, ஆன்லைன் ரேடியோவோ, மாத இதழோ நடத்தும் சின்னச் சின்னக் குழுக்கள் நிறைய உண்டு. வார நாட்களில் மென்பொருள் வேலை, வார இறுதியில் மைக். இப்படி மூன்று பேர் கிராமிக்குக் கிளம்பினால், என்ன கேமரா எடுத்துப் போவது என்பது இரண்டாவது கேள்வி. எந்த நேரத்துக்கு, எந்தக் கட்டடத்துக்குப் போவது என்பதுதான் முதல் கேள்வி. பகலில் போங்கள் என்பது என் பதில். ராத்திரி நிகழ்ச்சியை ஓட்டல் அறையில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்துக்கொள்ளலாம். உலகமே அப்படித்தான் பார்க்கிறது. 2024 ஒளிபரப்பை அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 69 லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் அரீனாவின் பிரஸ் அறையில் இருந்துகொண்டு நீங்கள் சொல்லிவிடப்போவதில்லை.

மழை பெய்த ஞாயிறு

2024 பிப்ரவரி 4ஆம் தேதி லாஸ் ஏஞ்சலீஸில் கொட்டியது சாதாரண மழை இல்லை. நகர மையத்தில் அந்த ஒரே நாளில் 4 அங்குலத்துக்கு மேல் பதிவானது. வருஷம் முழுக்கச் சேர்ந்தே 15 அங்குலத்துக்குள் மழை பெறும் ஊர் அது. ரெட் கார்பெட்டுக்கு மேலே கூடாரம் இருந்தது. ஆனால் கூடாரம் வரைக்கும் வந்து சேர்வது அவரவர் பாடு.

அந்த மதியம் 'சக்தி'யின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு உலக இசை ஆல்பப் பிரிவில் விருது கிடைத்தது. கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், தபலா ஜாகிர் உசேன், பாடகர் சங்கர் மகாதேவன், கஞ்சிரா செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகிய ஐவரின் ஆல்பம் அது. 45 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு சக்தி என்ற பெயரில் வந்த ஸ்டூடியோ ஆல்பம். ஜாகிர் உசேனுக்கு அன்றைக்கு மட்டும் மூன்று விருது. பாஞ்சோ பேலா ஃப்ளெக், டபுள் பேஸ் எட்கர் மேயர், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா ஆகியோரோடு செய்த 'ஆஸ் வி ஸ்பீக்' ஆல்பத்துக்கு ஒன்று, அதிலிருந்த 'பஷ்தோ'வுக்கு ஒன்று, சக்தியோடு ஒன்று.

இந்தியாவுக்கு அந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது. பெரும்பாலும் அது பெரிய சேனல்களின் கேமரா வழியாக வரவில்லை. பெங்களூரைச் சேர்ந்த இசைக்கலைஞர் ரிக்கி கேஜ், மூன்று கிராமி வென்றவர், அரங்கில் இருந்தார். சக்தி குழுவினர் மேடையேறிப் பேசிய வீடியோவை எக்ஸ் தளத்தில் அவர் பகிர்ந்தார். அடுத்த சில மணி நேரத்துக்கு இந்திய ஊடகங்கள் பலவும் அந்த வீடியோவை வைத்துக்கொண்டுதான் செய்தி போட்டன. சங்கர் மகாதேவன் தன் மனைவிக்கு விருதைச் சமர்ப்பித்ததை நாம் பார்த்தது அப்படித்தான். ஒரு சக கலைஞரின் பகிர்வு செய்த வேலையைச் செய்ய, அங்கே நமக்கென்று ஆள் இல்லை.

அன்றைய மதியத்துக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. ராப் பாடகர் கில்லர் மைக் மதிய நிகழ்ச்சியில் அடுத்தடுத்து மூன்று விருது வாங்கினார். சற்று நேரத்தில், பாதுகாப்பு ஊழியரோடு நடந்த தகராறு ஒன்றைக் காரணம் காட்டி, கைவிலங்கோடு அழைத்துச் செல்லப்பட்டார். பின்னாளில் அவர்மேல் வழக்குத் தொடரப்படவில்லை. அந்தக் காட்சி ஒரு பத்திரிகை நிருபரின் கைப்பேசியில் பதிவாகித்தான் உலகம் சுற்றியது. இரவு ஒளிபரப்பு தொடங்கும் முன்பே அன்றைய பெரிய செய்திகளில் ஒன்று முடிந்துவிட்டிருந்தது.

பாஸும் டேப்பும்

கிராமிக்கு அங்கீகார அட்டை கேட்டு விண்ணப்பிக்கும்போது சின்னக் குழுக்கள் செய்கிற தவறு, எல்லாவற்றுக்கும் டிக் போடுவது. கார்பெட், பிரஸ் அறை, புகைப்பட அறை, முதல் நாள் நிகழ்ச்சிகள் என எதையும் விடுவதில்லை. விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு நீங்கள் யார் என்பதே தெரியாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். "இந்தப் பிரிவில் இந்தப் பரிந்துரைகளைப் பின்தொடர்கிறோம், இன்ன மொழி வாசகர்களுக்காக" என்று ஒரு பத்தி எழுதினால் போதும். எந்த ஊடக மேலாளருக்கும் வேலை சுலபமாகும். மதிய நிகழ்ச்சியின் பிரிவுகளைப் பற்றி யாராவது வந்து எழுத மாட்டார்களா என்ற கவலை அவர்களுக்கும் உண்டு.

ரெட் கார்பெட் வெளியிலிருந்து பார்க்க ஒரே நீளமான விரிப்பு. உள்ளே அது ஒரு படிநிலை. முதல் இடங்கள் ஒளிபரப்பாளருக்கும் பெரிய பொழுதுபோக்கு சேனல்களுக்கும். பிறகு செய்தி நிறுவனங்கள், புகைப்படக்காரர்களின் படிக்கட்டு, ஆன்லைன் தளங்கள். கடைக்கோடியில் நாம். தரையில் டேப் ஒட்டி, அதன்மேல் நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கும். இரண்டு பேர் தோளோடு தோள் உரசி நிற்கும் அகலம். ட்ரைபாடெல்லாம் விரிக்க முடியாது; மோனோபாட் இருந்தால் பிழைத்தீர்கள். கடைக்கோடிக்கு வந்து சேரும்போது நட்சத்திரத்துக்குப் பேசிப் பேசி வாய் உலர்ந்திருக்கும். அவருடைய ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார். இந்தப் 'பப்ளிசிஸ்ட்' செய்வது நம்மூர் சினிமா பி.ஆர்.ஓ.வின் வேலைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: நம்மூர் பி.ஆர்.ஓ. நமக்கும் ஒரு பைட், அதாவது ஒரு குட்டிப் பேட்டி, கிடைக்கட்டும் என்று நினைப்பார்.

மதியத்துக்கு வரும் கலைஞர்களின் கதை வேறு. கஞ்சிரா வாசிப்பவருக்கோ செல்லோ வாசிப்பவருக்கோ முன்னால் நாலு பேர் ஓடுவதில்லை. குடும்பத்தோடு வருவார்கள், பட்டுப்புடவையோடு, பாட்டியோடு. முதலில் நிற்கும் பெரிய சேனல்கள் அவர்களை அடையாளம் தெரியாமல் விட்டுவிடும். கடைக்கோடியில் நிற்பவரின் அதிர்ஷ்டம் அதுதான்.

"அண்ணா, அவர் வர்றார். ரெக்கார்டு போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா. மைக்கை வாய்க்குக் கொஞ்சம் தள்ளிப் பிடி, மழைச் சத்தம் வருது."

"தமிழ்ல கேக்கட்டா?"

"கேளேன். இங்க வேற யார் கேக்கப்போறா?"

இந்த மாதிரிக் குழுக்களில் பேச்சு இப்படித்தான் போகும். கேள்வி கேட்பவர், கேமரா பிடிப்பவர், மூன்றாவது ஆள். இந்த மூன்றாவது ஆள்தான் குழுவின் உயிர்நாடி. வருகிறவர் யார், எந்தப் பிரிவு, ஆல்பத்தின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று காதில் ஓதுவார். மெமரி கார்டு மாற்றுவார். பவர் பேங்க், பிஸ்கட், கேமராவுக்கு மழை உறை, லென்ஸ் துடைக்கும் துணி எல்லாம் அவர் பையில் இருக்கும். அவர் இல்லாமல் இரண்டு பேராகப் போன குழு, வருவது யார் என்று தெரியாமல் 'வாழ்த்துகள் சார்' என்று மட்டும் சொல்லிவிட்டு வரும்.

நாம் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி

'எப்படி உணர்கிறீர்கள்' என்று கேட்பதற்கு லாஸ் ஏஞ்சலீஸ் வரை போக வேண்டாம். அதற்கு வரும் பதில் எல்லாருக்கும் தெரியும்.

கஞ்சிராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் பிடித்து வாசிக்கும் சின்ன வாத்தியம். ஒரு பக்கம் தோல், மரச் சட்டத்தில் காசுச் சலங்கை. மிருதங்கம்போல வார் இழுத்துச் சுருதி சேர்க்க முடியாது. தோலின் உள்பக்கம் தண்ணீர் தடவி, தட்டிப் பார்த்து, வேண்டிய கும்கி, அந்த ஆழ்ந்த நாதம், வரும்வரை இளக்குவார்கள். காய்ந்தால் சுருதி ஏறும், ஈரம் பட்டால் இறங்கும். பாரம்பரியமாக உடும்புத் தோல்தான் கட்டினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஆட்டுத்தோல், செயற்கைத் தோல் என்று மாற்றுகள் வந்தன. அப்படியொரு வாத்தியத்தை வாழ்நாளெல்லாம் வாசிக்கும் செல்வகணேஷ், 4 அங்குலம் மழை கொட்டும் ஊரில் கிராமி வாங்க வருகிறார். 'இந்த ஈரத்தில் கச்சேரி இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று ஒரு வரி கேட்டால், அரை மணி நேரப் பேட்டிக்கு வாசல் திறக்கும். பெரிய சேனலுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. தோன்றினாலும் பதிலை எடிட்டர் வெட்டிவிடுவார்.

செல்வகணேஷின் தந்தை கடம் விக்கு விநாயக்ராம். 1970களில் சக்தி தொடங்கியபோது அதில் கடம் வாசித்தவர். கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் உருவாக்கிய 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனும் அவரும் வாசித்தார்கள். கிராமியில் உலக இசை ஆல்பத்துக்கென்று தனிப்பிரிவு தொடங்கியபோது, 1992ல், முதல் விருதே அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. அப்பா வாசித்த ஆல்பம் வென்ற பிரிவில், 32 ஆண்டுகள் கழித்து மகன் வாசித்த ஆல்பம். நடுவில் அந்தப் பிரிவின் பெயர்தான் 'வேர்ல்டு'விலிருந்து 'குளோபல்' ஆகியிருந்தது. கடம் என்று பேச்சு வந்தால், கடம் செய்யும் மானாமதுரை வரும். அந்த ஊர் மண்ணும், அதை அறைந்து அறைந்து சுவர் சமமாக்கும் கைகளும் வரும். மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023ல். லாஸ் ஏஞ்சலீஸில் எடுத்த ஒரு நிமிட பைட்டை மானாமதுரையில் எடுத்த காட்சியோடு ஒட்டவைக்க, தமிழ்க் குழுவைத் தவிர வேறு யாரால் முடியும்?

மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் சேர்ந்து 2007ல், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலுக்குப் பாடம் ஒன்றை டி.வி.டி.யாகவே கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கார்பெட்டுக்குப் போகிற நிருபர் கேட்கும் கேள்வியும், விக்கிப்பீடியாவின் முதல் பத்தியைப் படித்துவிட்டுப் போகிறவர் கேட்கும் கேள்வியும் ஒன்றாக இருக்காது. வீட்டுப்பாடம் செய்ய நமக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நேரம் இருக்கிறது.

யார் வென்றது, எத்தனை வென்றது

கிராமி செய்திகளில் தமிழ், இந்திய ஊடகங்கள் தொடர்ந்து சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஆல்பத்தைப் போட்டிக்கு அனுப்புவது வேறு, பரிந்துரைப் பட்டியலில் வருவது வேறு. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பதிவுகள் உள்ளே போகின்றன. தகுதி பார்த்து, முதல் சுற்று வாக்கெடுப்புக்கான பட்டியலில் வைப்பார்கள். உறுப்பினர்கள் வாக்களித்த பிறகு பெரும்பாலான பிரிவுகளில் ஐந்தே ஐந்து தேறும். முதல் சுற்றுப் பட்டியலில் பெயர் இருப்பதையே 'கிராமிக்குப் பரிந்துரை' என்று எழுதிவிடுகிறோம். கலைஞர்களின் விளம்பர ஆட்களும் அதைத் திருத்துவதில்லை. நவம்பரில் உண்மையான பட்டியல் வரும்போது அந்தப் பெயர் இருக்காது. அப்போது செய்தியும் இருக்காது.

இன்னொன்று, ஆல்பம் வென்றால் அதில் வாசித்த எல்லாருக்கும் கிராமபோன் சிலை கிடைப்பதில்லை. பிரதானக் கலைஞர், தயாரிப்பாளர், பொறியாளர் என்று விதி உண்டு. மற்றவர்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ். 2024ல் ஜாகிர் உசேனின் மொத்தக் கணக்கை எழுதும்போது நான்கு என்று சிலரும் ஐந்து என்று சிலரும் எழுதியதற்குக் காரணம் 'பிளானட் டிரம்'மைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பம்தான். ஒரு கலைஞரின் பெருமையைக் குறைக்கவோ கூட்டவோ நிருபர் அங்கே போகவில்லை. கிராமி வழங்கும் ரெக்கார்டிங் அகாடமியின் தளத்தில் ஒவ்வொரு கலைஞருக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

சிலை என்றதும் ஒரு வேடிக்கை. மேடையில் கையில் கொடுப்பது நிகழ்ச்சிக்காக வைத்திருக்கும் சிலை. வென்றவர் பெயர் பொறித்த சொந்தச் சிலை பின்னால் அனுப்பப்படும். கொலராடோ மாநிலத்தில் ரிட்ஜ்வே என்ற சிற்றூரில் ஜான் பில்லிங்ஸின் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கையால் செய்கிறார்கள். 'கிராமியம்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்ட உலோகக் கலவையில் வார்ப்பது அது. ஆக, ஞாயிறு மதியம் நாம் எடுக்கும் படத்தில் இருப்பது கலைஞர் வீட்டுக்குக் கொண்டுபோகிற சிலை இல்லை. வீட்டுக்குப் போகும் சிலை வந்து சேரும் நாள் யாரும் கேமராவோடு நிற்பதில்லை. சின்னக் குழுவுக்கு அது இன்னொரு கதை. சென்னையிலிருக்கும் ஒருவர் கொஞ்சம் நினைவு வைத்திருந்தால் போதும்.

உரிமை, நேரம், தூக்கம்

மேடைக் காட்சியை நாம் எடுக்க முடியாது. உரிமை அகாடமியுடையது, ஒளிபரப்பாளருடையது. மதிய நிகழ்ச்சி அகாடமியின் தளத்திலும் யூடியூபிலும் நேரலையாகவே போகிறது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போட்டால் காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்து சேனலே முடங்கும் அபாயம் உண்டு. நமக்குச் சொந்தமானது நம் மைக்கில் பேசியது மட்டும். அந்த ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான் மொத்த வார இறுதியின் முதலீடு. அதனால் ஒலிதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். படம் கொஞ்சம் ஆடினால் மன்னிப்பார்கள். கூடாரத்துக்கு மேல் மழை அறைகிற சத்தத்தில் பேச்சு கேட்காவிட்டால் யாரும் மன்னிப்பதில்லை.

மதிய மேடையின் வேகம் பார்த்தால் மூச்சு முட்டும். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், 80க்கும் மேற்பட்ட விருது, நடுவில் பாட்டும் உண்டு. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. வென்றவர் வரவில்லை என்றால் அவர் சார்பில் அகாடமி பெற்றுக்கொள்கிறது என்று ஒரு வரி, அடுத்த உறை. நம் பிரிவு எப்போது வரும் என்று அட்டவணை பார்த்துக் காத்திருப்பவர், தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அது வந்து போய்விடும். வென்றவர்கள் மேடையிலிருந்து இறங்கிப் பின்னாலுள்ள அறைக்குப் புகைப்படத்துக்கும் கேள்விகளுக்கும் வருவார்கள். கூட்டம் அலைமோதுவது டெய்லர் ஸ்விஃப்ட் வருகிற நேரத்தில்தான். மதியத்தில் அந்த அறையில் நாற்காலி கிடைக்கும், கையைத் தூக்கினால் பார்ப்பார்கள்.

இந்திய நேரக் கணக்கும் பகலுக்குச் சாதகம்தான். மதியம் 2 மணிக்கு லாஸ் ஏஞ்சலீஸில் ஒருவர் வென்றால், இங்கே திங்கள் அதிகாலை 3.30. திங்கட்கிழமை நாளிதழ் போய்விட்டது, அது செவ்வாய்க்குத்தான். ஆனால் காலை 6 மணி செய்திக்கும், கைப்பேசியைத் திறக்கும் முதல் வாசகருக்கும் நேரம் இருக்கிறது. மாலை ஒளிபரப்பு முடியும்போது சென்னையில் காலை 10 மணி. அதற்குள் எல்லாரும் எல்லாவற்றையும் போட்டிருப்பார்கள். சின்னக் குழுவுக்கு மற்றவர்களை முந்தும் வாய்ப்பு இருப்பது அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான்.

வார இறுதியின் மற்ற நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை மியூஸிகேர்ஸ் அமைப்பின் நிதி திரட்டும் விருந்து. சனிக்கிழமை இரவு பெவர்லி ஹில்டன் ஓட்டலில் இசைத் தயாரிப்பாளர் கிளைவ் டேவிஸ் விருந்து. அங்கே நமக்கு வேலையும் இல்லை, அழைப்பும் இல்லை. 2025 ஜனவரியில் காட்டுத் தீ நகர வட்டாரத்தின் இரண்டு முனைகளையும் எரித்த பிறகு, யுனிவர்சல், சோனி, வார்னர் இசை நிறுவனங்கள் தங்கள் கிராமி வார விருந்துகளையெல்லாம் ரத்து செய்து அந்தப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தன. ரத்தானதால் சின்னக் குழுக்களின் திட்டத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது.

2025: ஒரு பிரிவில் நான்கு பேர்

அந்த ஆண்டு 'நியூ ஏஜ், ஆம்பியன்ட், சான்ட்' பிரிவு மட்டும் போதும், ஒரு குழுவுக்கு வார இறுதி முழுக்க வேலை. ஐந்து பரிந்துரைகளில் ஒன்று மறைந்த ஜப்பானிய இசையமைப்பாளர் ரியுய்ச்சி சகமோட்டோவுடையது. மற்ற நான்கிலும் இந்தியத் தொடர்பு: ரிக்கி கேஜ், அனுஷ்கா சங்கர், ராதிகா வேகாரியா, பிறகு 'திரிவேணி' ஆல்பத்தோடு சந்திரிகா டாண்டன். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. டாண்டனோடு அந்த ஆல்பத்தைச் செய்தவர்கள் தென்னாப்பிரிக்கப் புல்லாங்குழல் கலைஞர் வூட்டர் கெல்லர்மேனும் ஜப்பானிய செல்லோ கலைஞர் எரு மட்சுமோட்டோவும். இதே கெல்லர்மேனும் ரிக்கி கேஜும் சேர்ந்துதான் 2015ல் 'விண்ட்ஸ் ஆஃப் சம்சாரா'வுக்குக் கிராமி வாங்கினார்கள். பழைய கூட்டாளிகள் இந்த முறை ஒரே பட்டியலில் எதிரெதிராக. வென்றது 'திரிவேணி'.

மறுநாள் பல தலைப்புகள் 'இந்திரா நூயியின் அக்கா' என்றே ஓடின. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, அகமதாபாத் ஐ.ஐ.எம். போய், மெக்கின்ஸியில் பங்குதாரராக இருந்து, 2011லேயே ஒருமுறை கிராமி பரிந்துரை பெற்ற ஒருவரை அறிமுகப்படுத்த, பெப்சிகோவின் தலைவராக இருந்த தங்கையின் பெயர்தான் கிடைத்ததா என்று எனக்கு எரிச்சல். வேத மந்திரத்தைச் செல்லோவோடும் புல்லாங்குழலோடும் எப்படிப் பொருத்தினீர்கள், சுருதியை எங்கே வைத்தீர்கள், சொல்லின் ஸ்வரம் கலையாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்ற கேள்விகள் அங்கே கேட்பாரில்லாமல் கிடந்தன.

அந்த ஆண்டின் மியூஸிகேர்ஸ் கௌரவம் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு. மிக்கி ஹார்ட்டின் குழு. அவரோடு பல ஆண்டுகள் வாசித்த ஜாகிர் உசேன் மறைந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2024 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். ஞாயிறு இரவு ஒளிபரப்பில் மறைந்த கலைஞர்களை நினைவுகூரும் பகுதி வந்தது. முந்தைய ஆண்டு அதே விழாவில் மூன்று விருது வாங்கியவரின் பெயர் அதில் இல்லை. ரசிகர்கள் சமூக வலைத்தளங்களில் கொதித்தார்கள். 2024ல் அவருக்கு மூன்றையும் கொடுத்தது மதிய மேடை. இரவு மேடைக்கு அவர் எப்போதுமே அந்நியர்தான் என்பது என் கணிப்பு.

அடுத்த பட்டியல் வழக்கம்போல நவம்பரில் வரும். அது பி.டி.எஃப். கோப்பாகவும் கிடைக்கும், பக்கம் பக்கமாக. முதல் பக்கத்தில் இருக்கும் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' பட்டியலை எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள். குழுவின் மூன்றாவது ஆள் நேராக நடுப்பக்கங்களுக்குப் போக வேண்டும். உலக இசை, சான்ட், தற்கால வாத்திய இசை, ஜாஸ் பிரிவுகளில் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ஆல்பத்தை வாங்கிக் கேட்க வேண்டும், கலைஞருக்கு அன்றைக்கே மின்னஞ்சல் போட வேண்டும். வென்ற பிறகு ஆயிரம் பேர் எழுதுவார்கள். நவம்பரில் எழுதியவருக்குத்தான் பிப்ரவரியில் கார்பெட்டின் கடைக்கோடியில் அவர் நின்று பதில் சொல்வார்.